எல்லோருக்கும் ஒரே படகு

2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் நோன்பு மாதத்தில் வந்தது. நோன்பு திறக்கக் காத்திருந்த ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பாய்ப்படகுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. வாப்பாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். வாப்பா கரைவலைத் தோணியில் தண்டயலாக இருந்தவர். எங்கள் கரைக்கு இயந்திரம் வருவதற்கு முன்பு பாய் கட்டி ஓடியவர். கிரிக்கெட்டைக்கூட ஏறிட்டுப் பார்க்காத மனிசர் அன்று திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எல்லாம் ஒரே மாதிரியான படகுகள். ஒரே நீளம், ஒரே பாய், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். திடீரென்று முன்னுக்குப் போய்க்கொண்டிருந்த படகொன்று கூட்டத்தை விட்டு விலகியது. விலகி, அந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு இன்னொரு சுற்று. அதற்குள் நாலைந்து படகுகள் அதைத் தாண்டிப் போய்விட்டன.

"இவனுக்கென்ன பைத்தியமா? ஏன் சுத்துறான்?" என்று கேட்டார் வாப்பா.

எனக்கும் தெரியவில்லை. யாரும் விசில் ஊதவில்லை. யாரும் அட்டை காட்டவில்லை. அதற்குள் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தோடு அந்தக் கேள்வியையும் விழுங்கிவிட்டு எழுந்துபோனோம்.

பிறகு அந்தக் கேள்விக்கு நான் விடை தேடினேன். கிடைத்த விடை விளையாட்டோடு நிற்கவில்லை, என் கதைக்கும் வந்து சேர்ந்தது. அதைச் சொல்வதற்கு முன், அந்தப் படகுகள் ஏன் ஒரே மாதிரி இருந்தன என்பதைச் சொல்ல வேண்டும்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பாய்ப்படகுப் போட்டி பெருஞ்செல்வர்களின் விளையாட்டு. அவரவர் வசதிக்கேற்ப அவரவர் படகு. நீண்ட படகும் நிறைந்த பாயும் யாரிடம் இருந்தனவோ அவரே பெரும்பாலும் வென்றார். சிறிய படகுக்கு இவ்வளவு நேரம் சலுகை என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கிலும் சண்டை வந்தது. போன வருடம் வென்ற படகு, இந்த வருடம் இன்னொருவர் கட்டுவித்த புதிய படகுக்கு முன்னால் பழைய பலகையாகிப்போனது.

1887இல் அயர்லாந்தின் டப்ளின் குடாவில் சிலர் ஒன்றுகூடி வேறொரு முடிவுக்கு வந்தார்கள். எல்லோரும் ஒரே வரைபடத்தின்படி, ஒரே அளவில் படகு செய்துகொள்வது. பிறகு ஓடிப் பார்ப்பது. 'வாட்டர் வேக்' என்ற அந்தச் சிறு படகு வகுப்பு இன்றும் அங்கே ஓடுகிறது. பணத்தைக் கரையில் வைத்துவிட்டுக் கடலில் திறமையை மட்டும் அளப்போம் என்பதே அதன் எண்ணம். ஒரே வடிவ வகுப்பு என்ற இந்த யோசனை பின்னர் உலகமெங்கும் பரவியது.

இவ்வகைப் படகுகளில் புகழ்பெற்ற ஒன்று 'ட்ராகன்'. 1929இல் நோர்வே நாட்டு வடிவமைப்பாளர் யொஹான் அங்கர் வரைந்தது. சுவீடனின் கோதன்பேர்க் நகரப் படகுக் கழகம் ஒரு வடிவமைப்புப் போட்டி வைத்தது. இளைஞர்கள் குறைந்த செலவில் வைத்திருக்கக்கூடியதாக, இரண்டு பேர் உள்ளே படுத்துறங்கித் தீவுகளுக்கிடையே போய்வரக்கூடியதாக ஒரு படகு வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதிலிருந்து பிறந்ததுதான் ட்ராகன். ஏறத்தாழ 8.9 மீற்றர் நீளம், 1.7 தொன் நிறை, ஓட்டுவதற்கு மூன்று பேர். நமது தோணிகளைக் கரையில் இழுத்தேற்றிவிடலாம். இதை அப்படி ஏற்ற முடியாது. அடியில் கனத்த உலோக ஏரா இருக்கிறது. காற்று பாயைப் பிடித்துப் படகைச் சரிக்கப் பார்க்கும்போது ஏராவின் பாரம் அதை நிமிர்த்தப் பார்க்கும். அந்த இழுபறிக்கு நடுவில்தான் படகு முன்னே போகும்.

எல்லாப் படகும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்கென்றே அளவையாளர்கள் இருக்கிறார்கள். நிறை பார்ப்பார்கள், வளைவை அச்சு வைத்துப் பார்ப்பார்கள், பாயை அளப்பார்கள். 1970களில் பைபர் கிளாஸ் படகுகளை அனுமதித்தபோதுகூட, பழைய மரப்படகு அதனால் தோற்றுப்போகக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்கள்.

இவ்வளவு நியாயமாகத் தொடங்கிய ட்ராகன் 1948 முதல் 1972 வரை ஒலிம்பிக்கில் ஓடியது. யார் ஓட்டினார்கள், யாருடைய படகுகள் ஓடின என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். பிரித்தானிய இளவரசி எலிசபெத்துக்கும் பிலிப்புக்கும் 1947இல் நடந்த திருமணத்துக்குப் பரிசாக வந்தவற்றுள் 'புளூபொட்டில்' என்ற ட்ராகனும் ஒன்று. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அந்தப் படகு வெண்கலப் பதக்கம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் நேப்பிள்ஸ் கடலில் நடந்தன. அங்கே ட்ராகன் வகுப்பில் தங்கம் வென்றவர் கிரேக்கத்தின் முடிக்குரிய இளவரசர் கொன்ஸ்தந்தைன்.

இளவரசருக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே படகில் ஓடித்தான் வென்றார். ஆனால் குறைந்த செலவில் ஓட என்று வரையப்பட்ட படகு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். படகைச் சமப்படுத்திவிட்டார்கள். படகில் ஏறுவதற்கு முன்னால் இருப்பதை யாரும் சமப்படுத்தவில்லை. ஓய்வான நாட்கள், நல்ல பயிற்சி, ஒரு பாய் கிழிந்தால் மறுநாளே இன்னொரு பாய்: இவையெல்லாம் அளவையாளரின் அச்சுக்குள் அகப்படுவதில்லை.

*

நம் நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். எங்கள் பக்கத்து வயல்களில் கைட்ராக்டரை இன்றும் 'லேண்ட்மாஸ்டர்' என்றுதான் சொல்கிறோம். அந்த இருசில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர் ரே விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ப்படகு ஓட்டியவரும் அவரே. அப்போது அவருக்கு வயது 44. ஓடியது 'ஃபின்' என்ற வகுப்பில். ஏரா இல்லாத, ஒருவர் மட்டும் ஓட்டும் சிறு படகு. அதுவும் ஒரே வடிவ வகுப்புத்தான்.

சம்மாந்துறைக் கண்டத்தில் லேண்ட்மாஸ்டர் பிடித்து உழுதவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாட்டுக்குக் கிடைத்த அந்த மனிதரில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் ஒரு நினைப்பு வராமல் இல்லை. அதே 1968இல் என் வாப்பா இளந்தாரி. வாடை எப்போது திரும்பும், கச்சான் எந்த நேரத்தில் விழும் என்பதை முகத்தில் படும் காற்றை வைத்தே சொன்னவர். அவரும் பாய் பிடித்தவர்தான். அவருக்கும் அந்த ஒலிம்பிக் கடலுக்கும் நடுவில் இருந்த தூரத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

பாடசாலையில் ஒவ்வொரு வருடமும் இந்தத் தூரத்தைப் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நாளில் கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கும் எங்கள் கரையோரப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம். இதைவிட நியாயம் வேறென்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வினாத்தாள் என்பது அந்த ட்ராகன் படகைப் போல. ஒன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஏறுகிற பிள்ளைகள் ஒன்றாக இல்லை. ஒரு பிள்ளை விடியற்காலையில் பிரத்தியேக வகுப்புக்குப் போய் வருகிறது. இன்னொரு பிள்ளை கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிவிட்டு வருகிறது.

பல்கலைக்கழக அனுமதியில் திறமைக்கு ஒரு பங்கு, மாவட்டத்துக்கு ஒரு பங்கு, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் ஒரு சிறு பங்கு என்று வைத்திருப்பது இதற்காகத்தான். அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. 1970களில் தரப்படுத்தல் வந்த விதத்தால் இந்த நாட்டில் எவ்வளவு காயம் ஏற்பட்டது என்பதை நாம் அறிவோம். காயப்பட்டவர்களின் வாதத்தையும் நான் தள்ளவில்லை. ஆனால் புறப்படும் கோட்டைக் கவனிக்காமல் படகை மட்டும் பார்ப்பது அரைக்கண்ணால் பார்ப்பதுதான்.

இதை ஐரோப்பாதான் முதலில் யோசித்தது என்றும் இல்லை. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி இப்னு உமர் (ரழி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரியில் இருக்கிறது. பயிற்றி மெலியவைத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யதுல் வதாஃ வரை, ஐந்தாறு மைல். பயிற்றப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் அளவு. பயிற்சி பெற்றதையும் பெறாததையும் ஒரே கோட்டில் நிறுத்தி, இரண்டும் குதிரைதானே என்று அவர்கள் சொல்லவில்லை. எத்தனையோ தடவை வாசித்த ஹதீஸ். படகு வகுப்புகளைப் பற்றிப் படித்த பிறகுதான் அதிலிருந்த நீதி என் கண்ணில் பட்டது.

*

சரி, எல்லாவற்றையும் சமப்படுத்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். படகு ஒன்று, பயிற்சி ஒன்று, பணமும் ஒன்று. அப்போதும் காற்று ஒன்றாக வீசாது. கடலில் போனவர்களுக்கு இது தெரியும். நூறு பாகத்துக்கு அப்பால் ஒருவனுடைய பாய் நிரம்பி நிற்கும், இவனுடையது தொங்கிப்போய்க் கிடக்கும். காற்று எங்கே திரும்பும் என்று ஊகிப்பது திறமையின் ஒரு பகுதி. மிச்சம் ரிஸ்க். அதனால்தான் ஒரே ஓட்டத்தில் முடிவு சொல்லாமல் பல நாட்கள் பல ஓட்டங்கள் ஓடி, புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகும் காற்றின் கணக்கு முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை.

நபியவர்களின் அழ்பா என்ற ஒட்டகத்தை ஒரு நாட்டுப்புற அரபியின் ஒட்டகம் முந்தியபோது தோழர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. உலகில் உயர்ந்து நிற்கும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தில் அவர்களுக்கு ஆறுதல் சொல்லப்பட்டது. தோல்வியை அநீதியாகவே பார்க்காமலிருப்பதும், வெற்றியை முழுவதும் தன் சம்பாத்தியம் என்று நினைக்காமலிருப்பதும் இந்த இடத்தில் கற்க வேண்டியவை.

ஆனால் காற்றின் மேல் போடக்கூடிய பழிக்கும் ஓர் எல்லை உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் பூசான் கடலில் நடந்தன. ஃபின் வகுப்பில் கனடாவின் லோறன்ஸ் லெமியூ என்பவர் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். காற்று மூர்க்கமாகியது. வேறு வகுப்பில் ஓடிய சிங்கப்பூர்க்காரர்கள் இருவர் படகு கவிழ்ந்து தத்தளிப்பதைக் கண்டார். தன் ஓட்டத்தை விட்டுவிட்டு அவர்களிடம் போனார். அவர்களைத் தூக்கியெடுத்து, மீட்புப் படகு வரும்வரை காத்திருந்துவிட்டுப் பிறகு ஓடினார். மிகவும் பின்தங்கித்தான் முடித்தார். நடுவர் குழு அந்த ஓட்டத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே திருப்பிக் கொடுத்தது. ஒருவர் பிந்தினார் என்பதை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை, ஏன் பிந்தினார் என்று கேட்டார்கள். ஆபத்திலிருப்பவருக்கு இயன்ற உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பது பாய்ப்படகுப் போட்டி விதிப் புத்தகத்தின் முதலாவது விதி. வெல்வதைப் பற்றிய விதிகளெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

*

இனி வாப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

பாய்ப்படகுப் போட்டியில் பெரும்பாலும் கடலில் நடுவர் இருந்து பிழை பிடிப்பதில்லை. சில இறுதி ஓட்டங்களிலும், இரண்டு படகுகள் நேருக்கு நேர் மோதும் போட்டிகளிலும் இருப்பார்கள். யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதற்குத் தெளிவான விதிகள் உண்டு. இடப்பக்கம் காற்று வாங்கி வரும் படகு, வலப்பக்கம் காற்று வாங்கி வரும் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வழிவிடாமல் ஒருவன் குறுக்கே போய்விட்டால் என்ன செய்வது? அவனே கூட்டத்தை விட்டு விலகி, தாமதிக்காமல், ஒரே பக்கமாக இரண்டு முறை சுற்றிவிட்டுத் தொடர வேண்டும். அதுதான் தண்டனை. விதித்துக்கொள்பவன் அவனே, நிறைவேற்றுபவனும் அவனே. அவன் சுற்றாவிட்டால் மற்றவன் ஆட்சேபம் தெரிவிக்கலாம், கரையில் விசாரணை நடக்கும். ஆனால் பிழை செய்தவன் தானாகச் சுற்றுவான் என்ற நம்பிக்கையில்தான் அந்த விளையாட்டு நிற்கிறது.

இதை வாப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒருத்தரும் காணாட்டியும் சுத்துவானா?"

"சுத்த வேணும் எண்டுதான் சட்டம்."

"அப்ப இது ஸஹ்வு ஸஜ்தா மாதிரி" என்றார். தொழுகையில் மறதியாய்ப் பிழைத்தால் நாமே கடைசியில் இரண்டு ஸஜ்தாச் செய்கிறோம் அல்லவா? அதைச் சொன்னார். சுற்றும் இரண்டு, ஸஜ்தாவும் இரண்டு. எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாத வாப்பா பிடித்த அந்த ஒப்புமை எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. பல நாட்கள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். வகுப்பிலும் சொன்னேன்.

பிறகுதான் விதிப் புத்தகத்தின் அதே இடத்தில் அடுத்த வரியைக் கவனித்தேன். பிழையால் யாருக்காவது காயமோ பெரிய சேதமோ ஏற்பட்டிருந்தால், அல்லது சுற்றிய பிறகும் அந்தப் பிழையால் கிடைத்த பெரிய அனுகூலம் கையில் மிஞ்சியிருந்தால், சுற்று போதாது. போட்டியை விட்டே விலக வேண்டும். அதாவது, கிடைத்ததைத் திருப்பி வைக்காமல் சுற்றிக் காட்டுவதில் பயனில்லை.

நமது உலமாக்கள் அல்லாஹ்வின் உரிமை, அடியார்களின் உரிமை என்று பிரித்துச் சொல்வது இதைத்தான். முதலாவதில் பிழைத்தால் தவ்பா இருக்கிறது. இரண்டாவதில் தவ்பாவோடு பறித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும், உரியவர் பொருந்திக்கொள்ளவும் வேண்டும். வாப்பாவின் ஒப்புமை முதலாவதற்குப் பொருந்தியது. என்னுடைய கணக்கு இரண்டாவதில் இருந்தது.

*

2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். நாட்டின் மீன்பிடிப் படகுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்தோ உடைந்தோ போயின. அடுத்த வருடம் உதவி வந்தது. எங்கள் கரைக்கு வந்தவை பைபர் படகுகள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, ஒரே நீளம், ஒரே நிறம். பிறந்ததிலிருந்து எங்கள் கரையில் அப்படியொரு சமத்துவத்தை நான் பார்த்ததில்லை. பெரிய சம்மாட்டிக்கும் அதே படகு, சின்ன ஆளுக்கும் அதே படகு.

அப்போது நான் தொண்டர் ஆசிரியன். கலாசாலைக்கெல்லாம் பிறகுதான் போனேன். எழுத்து அழகாக இருக்கும் என்பதால் எங்கள் பகுதியில் படகிழந்தோர் பட்டியலை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், படகின் விபரம், அத்தாட்சி.

என் மச்சான் ஒருவர் வந்து பெயரை எழுதச் சொன்னார். சுனாமிக்கு இரண்டு மாதம் முன்பே அவர் தன் படகை விற்றுவிட்டார் என்பது எனக்குத் தெரியும். விற்ற படகின் பழைய துண்டு அவர் கையில் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. எழுதினேன்.

அதே கிழமை இன்னொருவர் வந்தார். முப்பது வருடமாகப் பிறர் படகில் கூலிக்குப் போனவர். கடைசி இரண்டு வருடம் சேர்த்த காசில் இன்னொருவரோடு பாதிக்குப் பாதி பங்கு போட்டு ஒரு பழைய படகு வாங்கியிருந்தார். பங்காளி கடலோடு போய்விட்டார், படகும் போய்விட்டது. "தம்பி, துண்டு ஒண்டும் இல்ல. ஆனா கரையில எல்லாருக்கும் தெரியும்" என்றார். துண்டு இல்லாமல் எழுத முடியாது காக்கா, சட்டம் அப்படி என்று சொன்னேன். சட்டம் அப்படித்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. அவர் வாதாடாமல் எழும்பிப் போனார்.

மச்சானுக்குப் படகு கிடைத்தது. அவர் கடலுக்குப் போகவில்லை, ஆள் வைத்து ஓட்டினார். அந்தப் படகில் கூலிக்குப் போனவர்களில் அந்தக் காக்காவும் ஒருவர். பல வருடங்கள் போனார்.

யாரும் ஆட்சேபிக்கவில்லை, விசாரணையும் இல்லை. ஒரே அச்சுப் படகுகள் வரிசையாக நின்ற அந்தக் கரையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். படத்தில் எல்லாம் சமமாகத்தான் இருந்தது.

இதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நினைக்கும்போதெல்லாம் இஸ்திஃபார் செய்தேன். மற்றவர்கள் செய்ததோடு பார்த்தால் என்னுடையது சிறியது என்று சொல்லிக்கொண்டேன். அவருடைய மகன் என் வகுப்புக்கு வந்தபோது கூடுதல் அக்கறை எடுத்துப் படிப்பித்தேன். இப்போது யோசித்தால், அவையெல்லாம் நான் போட்ட சுற்றுக்கள். அனுகூலம் மட்டும் போன இடத்திலேயே இருந்தது.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது கடலுக்குப் போவதில்லை, கண் சரியில்லை. இப்போது என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மச்சான்ட படகு வித்தது எனக்கும் அப்பவே தெரியும் சேர். உங்கட ஆள், எழுதினீங்க. அது பறவாயில்ல. எனக்கிட்ட துண்டு கேட்ட மாதிரி அவருக்கிட்டயும் கேட்டிருக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒரே கேள்விய."

புலமைப்பரிசில் வகுப்பில் வருடக்கணக்காக ஒரே வினாத்தாளைப் பற்றிப் பேசிவந்தவன் நான். கையில் பட்டியலும் பேனையும் இருந்த ஒரே ஒரு தடவை இரண்டு வினாத்தாள் வைத்திருந்தேன்.

"பொருந்திக்கொள்ளுங்க காக்கா" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றன்" என்றார்.

இன்னும் சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. அது அவருடைய உரிமை. அந்தப் படகின் பெறுமதியில் அவருக்குச் சேர வேண்டியதைப் பற்றி மச்சானோடு பேசிக்கொண்டிருக்கிறேன். மச்சான் தயங்குகிறார். அவர் தராவிட்டால் என் சம்பளத்திலிருந்து தவணையாகக் கொடுப்பதென்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஒரே படகு நியாயத்தைக் கொண்டுவருமா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட கேள்வி. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒரே படகு வேண்டும், ஒரே வினாத்தாள் வேண்டும். அவை இல்லாவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. புறப்படும் கோட்டுக்கு யார் வர முடிகிறது என்று பார்க்கவும் வேண்டும். இவற்றையெல்லாம் சட்டத்தால் செய்யலாம். ஆனால் இரண்டு படகுகள் நெருங்கி வரும் இடத்தில், யாரும் பார்க்காத நேரத்தில் நடக்கும் பிழையைச் சட்டம் காண்பதில்லை. அங்கே பிழைத்தவன் தானே விலகி, பெற்றதைத் திருப்பி வைத்தால்தான் அது நேராகும். தாமதிக்காமல் செய்ய வேண்டும் என்கிறது விதி. நான் இருபது வருடம் தாமதித்தேன்.

வாப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால், சுத்தினது போதுமா மகன் என்று கேட்டிருப்பார். போதாது வாப்பா என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.